திருமலையில் நாய் தொலைந்தால்: பட்டியா, சிப்பா, ஜீ.பி.எஸ்ஸா?

திருகோணமலைப் பாலையூற்று அக்கா ஒருவர் போன மாதம் போன் எடுத்தா. வீட்டில் எட்டு மாதக் குட்டி. மெல்பேணில் இருக்கிற மகன் ஒவ்வொரு ஞாயிறும் "சிப் போடுங்கோ அம்மா" என்கிறானாம், தோலுக்குக் கீழே ஏற்றுகிற அடையாளச் சிப். வீட்டுக்காரரோ "கழுத்தில ஒரு பட்டி காணும், மிச்சமெல்லாம் வீண் செலவு" என்கிறாராம். நடுவில் மருமகள் வேறு, சாவிக்கொத்தில் தொங்கும் வட்டச் சாமானை நாய்க்கும் மாட்டலாம் என்று சொல்லியிருக்கிறா.

"தம்பி, ஆளுக்கொரு பக்கமா இழுக்கினம். நான் எதைச் செய்யிறது?"

இதே கேள்வியை உப்புவெளியிலும் லிங்கநகரிலும் வேறு ஆட்களும் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது படித்து மட்டும் வந்த அறிவில்லை. என் நாய் கறுப்பனை ஒரு தீபாவளி இரவில் தொலைத்துவிட்டு மூன்று நாள் ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்தவன் நான்.

முதலில், எதை வைத்து அளப்பது?

கடையில் விலையைக் கேட்பதற்கு முன் வேறொன்றை யோசிக்க வேண்டும். உங்கள் நாய் ஓடினால் அதை முதலில் காணப்போவது யார்?

வெடிச் சத்தத்துக்கு மிரண்ட நாய் திசை பார்த்து ஓடாது. உவர்மலையில் அவிழ்த்துக்கொண்டது கடற்கரையில் நிற்கும். உப்புவெளியில் ஓடியது நிலாவெளி வீதியோடே போய்க்கொண்டிருக்கும். அதைக் காண்பவர் மீன்வாடியில் வலை பிரிக்கிறவராக இருப்பார், அல்லது ஓட்டோ தரிப்பிடத்தில் நிற்கிறவர், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் அர்ச்சனைத் தட்டு விற்கிற அம்மா, காவல் கொட்டிலில் நிற்கும் சிங்களச் சிப்பாய், கடற்கரையில் நடக்கும் வெள்ளைக்காரர். இவர்களில் ஒருவர் கையிலும் சிப் வாசிக்கும் கருவி கிடையாது. நாயைத் தொட விரும்பாதவர்களும் இந்த ஊரில் நிறையப் பேர். சிலருக்குக் கடிப் பயம், சிலருக்கு மார்க்கக் கட்டுப்பாடு. அவர்களும் உதவக் கூடியவர்கள்தான். தள்ளி நின்றே நம்பரை வாசிக்க முடிந்தால் ஒரு போன் எடுப்பார்கள்.

ஆகவே என் முதல் அளவுகோல், கண்டவர் எந்தக் கருவியும் இல்லாமல், கூடுமானால் தொடாமலே, உங்களைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது. இரண்டாவது, அடையாளம் நாயோடு நிற்குமா? உப்புக்காற்று, கடல்நீர், முள்ளுக்கம்பி மூன்றுக்கும் தப்ப வேண்டும். மூன்றாவது, "இது என்ர நாய்" என்று இன்னொருவர் வாதாடினால் சாட்சி சொல்லுமா? நான்காவது, வாங்கிய பிறகு வரும் செலவும் வேலையும். நாலையும் ஒன்றாக நிறைவேற்றும் சாமான் எதையும் நான் இன்னும் காணவில்லை. குழப்பமே அதனால்தான்.

கழுத்துப்பட்டியும் தகடும்

கறுப்பன் ஓடிய அன்று அவன் கழுத்தில் பட்டி இருந்தது. பித்தளைத் தகடும், அதில் வெட்டிய என் நம்பரும் இருந்தன என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாம்பல்தீவுப் பக்கம் ஒரு வாடியில் படுத்திருந்தான். பட்டி இருந்தது, தகடு இல்லை. தகட்டைக் கோர்த்திருந்த சின்ன இரும்பு வளையம் துருப்பிடித்து, நூல் போலாகி, அறுந்திருந்தது. மிச்சத் துண்டை விரலால் தொட்டேன், பொடியாகப் போயிற்று.

வாடிக்கார ஐயா மூன்று நாளும் அவனுக்கு மீன் தலை போட்டிருக்கிறார். "பட்டி கிடக்கு, ஆற்றயோ வளர்ப்பு எண்டு விளங்குது. ஆரெண்டு தெரியாம எங்க கொண்டே விடுறது தம்பி?" என்றார். நாயைத் திருப்பித் தர மனம் இருந்த மனிதர். அவருக்குத் தேவைப்பட்டது பத்து இலக்கம் மட்டும்.

அதனால் பட்டி வாங்குகிறவர்கள் தகட்டைப் பார்ப்பதற்கு முன் வளையத்தைப் பாருங்கள். கடலுக்குப் பக்கத்தில் இரும்பு வளையம் தாங்காது. துருப்பிடிக்காத உருக்கில் கேளுங்கள், வாங்கிய பிறகும் மாதத்துக்கு ஒருமுறை நகத்தால் நெருடிப் பாருங்கள். தகடும் அதே உருக்கில் இருந்தால் நல்லது. பித்தளை அழகாக இருக்கும், ஆனால் கறுத்துப்போய் எழுத்து மங்கும். நிறம் பூசிய அலுமினியம் மலிவு, மேல்பூச்சு தேயத் தேய இலக்கமும் போகும். எதுவானாலும் ஆழமாக வெட்டிய எழுத்தாக இருக்க வேண்டும். அச்சடித்தது வேண்டாம்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு, தொங்கும் தகடே இல்லாமல் செய்வது. நைலோன் பட்டி ஒன்றை வாங்கி, எழுத்துத் தைக்கிற தையல்கடையில் கொடுத்து, நம்பரைப் பெரிதாகத் தைப்பியுங்கள். கறுப்புப் பட்டிக்கு மஞ்சள் நூல், சிவப்புப் பட்டிக்கு வெள்ளை நூல். அறுந்து விழ எதுவும் இல்லை, கிலுகிலுவென்ற சத்தமும் இல்லை, நாலு அடி தள்ளி நின்றே வாசிக்கலாம். கறுப்பனுக்கு இப்போது இதுதான். கடலில் குளித்துவிட்டு வந்தால் பட்டியைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி விடுகிறேன். தோல்பட்டி கடல்நீரில் நனைந்து நனைந்து விறைத்து வெடிக்கும். அதை உள்வீதிக்காரருக்கு விட்டுவிடுங்கள்.

என்ன எழுதுவது? நம்பர். இரண்டு நம்பர் என்றால் இன்னும் நல்லது, ஒன்று உங்களுடையது, மற்றது எப்போதும் போனைத் தூக்குகிற ஒருவருடையது. மூன்று மொழி புழங்கும் ஊரில் இலக்கத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. உப்புவெளி, நிலாவெளிக்காரர் முன்னுள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 என்று தொடங்கித் தைப்பது புத்தி. வெளிநாட்டு சிம்மோடு திரிகிற உல்லாசப் பயணியும் அழைக்கலாம், நம்மூராரும் அழைக்கலாம். நாயின் பெயரைப் போட்டால் கள்ளனுக்கு வசதி என்று சிலர் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் அது தேவைக்கு அதிகமான பயம். இடம் மிஞ்சினால் பெயரும் போடலாம், மிஞ்சாவிட்டால் விட்டுவிடலாம்.

கியூ.ஆர். தகடும் இப்போது வருகிறது. போனால் படம் பிடித்தால் உங்கள் விபரம் திறக்கும். கேட்க நல்லாயிருக்கும். ஆனால் வாடிக்கார ஐயா அதைப் பிடிக்க ஸ்மார்ட் போன் வேண்டும், டேட்டா வேண்டும், உறுமுகிற நாய்க்குக் கிட்டப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விபரம் இருக்கும் இணையப் பக்கம் நாலு வருடம் கழித்தும் உயிரோடு இருக்க வேண்டும். நம்பருக்குப் பக்கத்தில் இருக்கட்டும், நம்பருக்குப் பதிலாக வேண்டாம்.

பட்டியின் குறையையும் சொல்ல வேண்டும். அது கழன்று போகும். கள்ளன் முதலில் கழற்றுவதும் அதைத்தான். வளரும் குட்டிக்கு ஒருமுறை கட்டிவிட்டு மறந்தால் கழுத்தை இறுக்கித் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும், குட்டி என்றால் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சபைத் தகடு, தடுப்பூசி அட்டை, காது வெட்டு

நாயைப் பதிய வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1901 இலேயே வந்துவிட்டது. உள்ளூராட்சி சபையில் பதிவதுதான் முறை. பதிவுத் துண்டும் விசர்நாய்த் தடுப்பூசி அட்டையும் நாய் உங்களுடையது என்பதற்கு நல்ல தாள் சாட்சி. கண்டெடுத்தவருக்கு இவற்றால் உடனடிப் பலன் இல்லை. சபைத் தகடே கழுத்தில் தொங்கினாலும் அலுவலக நேரத்தில் போய் இலக்கத்தைச் சொல்லி விசாரிக்க வேண்டும். சனி இரவு ஓடிய நாய்க்குத் திங்கள் காலைவரை பொறுக்க வேண்டியதுதான்.

காது நுனியில் வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்த நாய் என்பதற்கான அடையாளம். கட்டாக்காலி நாய்களுக்குச் செய்வது. வீட்டு நாய்க்கு அப்படி வெட்டு இருந்தால், காண்பவர்கள் "இது தெரு நாய்தான்" என்று விட்டுவிடவும் கூடும். அப்படியான நாயை எடுத்து வளர்ப்பவர்கள் பட்டி விஷயத்தில் இரட்டிப்புக் கவனமாக இருங்கள்.

மைக்ரோசிப்

மெல்பேண் மகன் சொன்னது. அரிசி மணியை விடக் கொஞ்சம் நீளம், ஏறத்தாழ 12 மில்லிமீற்றர். தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில், தோலுக்குக் கீழே, தடித்த ஊசியால் மிருக வைத்தியர் ஏற்றுவார். மயக்க மருந்து தேவையில்லை, ஒரு "கீ" சத்தத்தோடு முடிந்துவிடும். உள்ளே பற்றரி இல்லை. கருவியைக் கிட்டப் பிடித்தால் மட்டும் விழித்து, 15 இலக்கம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பழையபடி தூங்கும்.

இங்கே பலருக்கு ஒரு பிழையான நம்பிக்கை: சிப் இருந்தால் நாய் எங்கே நிற்கிறது என்று போனில் பார்க்கலாம் என்று. பார்க்க முடியாது. சிப் இடம் காட்டாது. உங்கள் பெயரோ போன் நம்பரோ கூட அதற்குள் இல்லை. அந்த 15 இலக்கத்தை ஒரு பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே எழுதியிருந்தால்தான் அதற்கு அர்த்தம். தெரிந்த ஒருவருடைய நாய்க்குச் சிப் போட்டிருந்தார்கள். அந்த இலக்கம் இருந்த ஒரே இடம், அலுமாரி லாச்சிக்குள் கிடந்த அட்டையில் ஒட்டிய ஸ்டிக்கர். நாய் தொலைந்த பிறகுதான் அவருக்கே அது தெரிய வந்தது.

ஆகவே சிப் போடுமுன் வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த நம்பர் எந்தப் பதிவேட்டில், யார் பெயரில் ஏறும்? போன் மாறினால் யாரிடம் சொல்லித் திருத்துவது, அதற்குக் காசு உண்டா? சிப் 134.2 கிலோஹேர்ட்ஸில் வேலை செய்யும் ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரமா? மூன்றாவது ஏனென்றால், வேறு அலைவரிசையில் வேலை செய்யும் பழைய வகைகளும் இருக்கின்றன, எல்லாக் கருவியும் அவற்றை வாசிக்காது. ஏற்றுமுன் ஒருமுறையும் ஏற்றிய பின் ஒருமுறையும் உங்கள் கண் முன்னே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டிக்கரைப் போனில் படம் பிடித்து மகனுக்கும் அனுப்பி விடுங்கள். சிப் சிலவேளை தோலுக்குக் கீழே நகர்ந்து தோளுக்கோ முன்னங்காலுக்கோ போய்விடும். அதனால் வருடாந்தத் தடுப்பூசிக்குப் போகும்போது உடம்பு முழுக்கக் கருவியைத் தடவி ஒருமுறை பார்க்கச் சொல்வது நல்ல பழக்கம்.

இங்கிலாந்தில் 2016 ஏப்ரலில் இருந்து நாய்க்குச் சிப் கட்டாயம். விபரத்தைப் புதுப்பிக்காவிட்டால் 500 பவுண் வரை தண்டம். அங்கே கண்டெடுத்த நாயைக் கொண்டுபோகிற இடத்தில் கருவி இருக்கும், முதல் வேலையே வாசித்துப் பார்ப்பதுதான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் சிப்பையே பெரிதாகச் சொல்வதன் காரணம் இது. அவர்கள் சொல்வது பிழையில்லை. அவர்கள் இருக்கிற இடம் வேறு, அவ்வளவுதான்.

சிப் நின்று அடிக்கிற இடம் மூன்றாவது அளவுகோல். ஜேர்மன் ஷெப்பர்ட், லப்ரடோர் என்று காசு கொடுத்து வாங்கிய நாயை யாராவது கொண்டுபோய்க் கட்டி வைத்துக்கொண்டு "குட்டியில இருந்து நாங்கதான் வளர்க்கிறம்" என்று சொன்னால், பட்டியும் படமும் வாயடைத்துப் போகலாம். தோலுக்குள் இருக்கும் இலக்கத்தோடு வாதாட முடியாது.

வெளிநாடு போகும் யோசனை இருந்தால் பேச்சே வேண்டாம், சிப் போட்டே ஆக வேண்டும். ஒழுங்கும் முக்கியம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரித்தானியாவுக்கும் முதலில் சிப், அதன் பிறகுதான் விசர்நாய்த் தடுப்பூசி. மாறிப் போட்டால் அந்த ஊசி கணக்கில் வராது. ஊசிக்குக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அது எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதக் காத்திருப்பு. விசா வந்த பிறகு ஓடித் திரிவதால் பலன் இல்லை.

ஜீ.பி.எஸ். பட்டியும் எயார்டக்கும்

இரண்டும் ஒன்றல்ல. ஜீ.பி.எஸ். பட்டி செய்மதியிலிருந்து தன் இடத்தை அறிந்து, உள்ளே இருக்கும் சிம் வழியாக உங்கள் போனுக்கு அனுப்பும். நாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்தொடரலாம், இந்தப் பட்டியலில் வேறு எதற்கும் அந்தத் திறமை இல்லை. விலை அதற்கேற்ப இருக்கும். சிம்முக்கு மாதா மாதம் காசு. சில நாளுக்கு ஒருமுறை சார்ஜ். நாய் தொலைகிற இரவில் பற்றரி செத்திருப்பதுதான் வழமை. ஏனென்றால் அது எப்போதும் வீட்டில்தானே நிற்கிறது என்று நாம் சார்ஜில் போட மறந்திருப்போம். வெளிநாட்டில் இருந்து யாராவது வாங்கி வருவதானால், அந்தக் கம்பனியின் சேவை இலங்கையில் வேலை செய்யுமா என்று முதலில் பாருங்கள். செய்யாவிட்டால் அது விலை கூடிய வெறும் பட்டி.

எயார்டக், மருமகள் சொன்ன வட்டச் சாமான். 2021 இல் வந்தது, 11 கிராம், ஒரு பட்டன் பற்றரி ஏறத்தாழ ஒரு வருடம் தாங்கும், மாதக் காசு இல்லை. ஆனால் அதற்குத் தன் இடம் தெரியாது. பக்கத்தால் ஓர் ஐபோன் போனால், அந்த ஐபோன் சொல்லும் இடம்தான் உங்களுக்கு வரும். ஆகவே கணக்கு எளிது: ஐபோன் திரியும் இடத்தில் வேலை செய்யும். மே முதல் செப்ரெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் நிறைந்திருக்கும்போது அருமையாக இருக்கும். கார்த்திகை மழையில் விடுதிகள் வெறிச்சோடிக் கிடக்கும்போது, இடி முழக்கத்துக்குப் பயந்து நாய் ஓடுகிற அதே காலத்தில், கடைசியாகக் காட்டிய இடத்திலேயே மணிக்கணக்காக நிற்கும். இது பொருட்களுக்குத்தான், செல்லப் பிராணிக்கு அல்ல என்று தயாரித்த ஆப்பிளே சொல்கிறது. தொங்க விட்டால் கடித்து விழுங்கும் நாய்களும் உண்டு. உள்ளே இருக்கும் பற்றரி வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பட்டியோடு சேர்த்துத் தைத்த உறைக்குள் வைப்பதானால் வையுங்கள்.

பச்சை குத்துவது

காதுக்குள்ளோ தொடையின் உள்பக்கமோ இலக்கம் குத்தும் பழைய முறை. மயக்க வேண்டும், நாள்பட மங்கும், கண்டவருக்கு அதைத் தேடிப் பார்க்கத் தோன்றாது. வேண்டாம்.

செலவில்லாத ஒன்று

நாயின் இடப்பக்கம், வலப்பக்கம், முகம், வால், உடம்பில் உள்ள தழும்பு அல்லது புள்ளி என்று பகல் வெளிச்சத்தில் தனித்தனிப் படம் எடுத்து வையுங்கள். நீங்களும் கூட நிற்கும் படம் ஒன்றும் வேண்டும். கறுப்பன் ஓடிய அன்று என் போனில் அவன் படம் நூற்றுக்கு மேல். எல்லாவற்றிலும் மூக்கு மட்டும் பெரிதாக, அல்லது பிள்ளைகள் கட்டிப்பிடித்தபடி. வட்ஸ்அப் குழுக்களில் போட ஒன்றுகூட உருப்படியாக இல்லை. "கறுப்பு நாய், நெஞ்சில் வெள்ளை" என்று எழுதினேன். அந்த விபரத்துக்கு ஒத்த நாய் திருமலையில் ஒழுங்கைக்கு ஒன்று நிற்கும். மூன்று நாளில் ஆறு பேர் ஆறு நாயைக் காட்டினார்கள்.

ஒரே பார்வையில்

| வழி | கண்டவர் உடனே அழைக்கலாமா | நாயோடு நிற்குமா | உரிமைக்குச் சாட்சி | பிறகு வரும் செலவும் வேலையும் |
|---|---|---|---|---|
| நம்பர் தைத்த பட்டி | ஆம், தொடாமலே | கழன்றால் போச்சு | குறைவு | நூல் மங்கினால் புதிது |
| தொங்கும் தகடு | ஆம், கிட்டப் போனால் | வளையம்தான் பலவீனம் | குறைவு | வளையம் மாற்ற வேண்டும் |
| கியூ.ஆர். தகடு | ஸ்மார்ட் போன் இருந்தால் | தகட்டைப் போலவே | குறைவு | இணையப் பக்கத்தைக் காக்க வேண்டும் |
| சபைப் பதிவு | இல்லை | தாள் வீட்டில் | நல்லது | புதுப்பித்தல் |
| மைக்ரோசிப் | இல்லை, கருவி வேண்டும் | ஆயுள் முழுக்க | மிக நல்லது | பதிவேட்டைத் திருத்தி வைத்தல் |
| ஜீ.பி.எஸ். பட்டி | அவர் அழைக்கத் தேவையில்லை | பற்றரி உள்ளவரை | இல்லை | சிம் காசு, அடிக்கடி சார்ஜ் |
| எயார்டக் | ஐபோன் பக்கத்தால் போனால் | தைத்து வைத்தால் | இல்லை | வருடம் ஒரு பற்றரி |

யாருக்கு எது?

ஊர் நாய், முற்றத்தில் அவிழ்த்து விட்டு வளர்ப்பது, கையில் காசு குறைவு என்றால் தைத்த பட்டியும் தடுப்பூசி அட்டையும் நல்ல படங்களும் போதும். இதற்கு மேல் செலவழிக்கவில்லையே என்று மனம் நோக வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கிய இன நாய், அல்லது இரண்டு மூன்று வருடத்தில் குடும்பம் வெளிநாடு போகக் கூடும் என்றால் பட்டியோடு சிப்பும். சிப் இருக்கிறதே என்று பட்டியை மட்டும் கழற்றி விடாதீர்கள்.

மதில் பாய்கிற நாய், ஏற்கெனவே இரண்டு தரம் ஓடியது, பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமானைத் துரத்தி உங்களுக்கு ஏச்சு வாங்கித் தந்தது, இப்படியானவற்றுக்கு ஜீ.பி.எஸ். காசு வீணில்லை. தவறாமல் சார்ஜ் போட ஆள் இல்லாத வீடென்றால் அந்தக் காசில் மதிலை உயர்த்துங்கள்.

கண் தெரியாத, காது கேட்காத, வயதான நாய் தூரம் போகாது, அயலில்தான் தடுமாறும். அதற்குப் பட்டியில் நம்பருக்கு மேலே "மருந்து எடுக்கிறது" என்று ஒரு வரி தையுங்கள். பார்த்தவர் வீட்டுக்குள் எடுத்து வைப்பார்.

பாலையூற்று அக்காவுக்கு நான் சொன்னது: இந்தக் கிழமையே பட்டி, அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது சிப், எயார்டக்கை மருமகளின் சாவிக்கொத்திலேயே விட்டுவிடுங்கள். மகனுக்கும் சந்தோசம், வீட்டுக்கார ஐயாவுக்கும் தான் வென்ற மாதிரி.

நாலு நாள் கழித்துத் தையல்கடையில் நின்றுகொண்டு போன் எடுத்தா. இரண்டாவது நம்பராக யாருடையதைப் போடுவது என்று தையல்காரர் கேட்கிறாராம்.

"ஐயான்ர நம்பரைக் குடுங்கோவன்" என்றேன்.

"அந்தாள் என்ர கோலையே எடுக்காது தம்பி. பக்கத்து வீட்டு ரீச்சரின்ர நம்பரைக் குடுக்கிறன்."